கோடையில் ஆறு வாரம்



ஹை ஸ்கூல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்நேரம் ஒரு பேச்சு தொடங்கியிருக்கும். அடுத்த சம்மருக்கு எங்கே அனுப்புவது? இன்று நம் தமிழ்ச் சங்க விழாவில் காபி வரிசையில் நின்றபோதுகூட அது என் காதில் விழுந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோடைக்கால உறைவிட முகாம் ஒன்றுக்கு மகளை அனுப்பியவளும்கூட. அந்த உரிமையில் பேசுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது, என் மகள் ஆறு வாரம் தங்கிப் படித்த ராஸ் கணித முகாம். அர்னால்ட் ராஸ் 1906இல் சிகாகோவில் பிறந்து, ஒடெசாவில் வளர்ந்து, மறுபடி சிகாகோவுக்கே படிக்க வந்தவர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1957 கோடையில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி எண் கோட்பாடு கற்பிக்கத் தொடங்கினார். அந்த அக்டோபரில்தான் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அதன்பின் அமெரிக்கா முழுக்க அறிவியல் கல்வி பற்றிய பதற்றம் பரவியது. ராஸ் அந்தப் பதற்றத்துக்கு முன்பே வேலையில் இறங்கிவிட்டார். 1964இல் முகாம் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும், 2000 வரை, அவரே கரும்பலகை முன் நின்றார். எளிய விஷயங்களை ஆழ்ந்து யோசி என்பதுதான் முகாமின் தாரக மந்திரம்.

அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். காலையில் ஒரு விரிவுரை. கையில் ஒரு கணக்குத் தாள். மீதி நாள் முழுக்க அந்தத் தாளோடு மல்லுக்கட்டுவதுதான். முதல் நாட்களில் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். எந்த எண்ணையும் பூஜ்யத்தால் பெருக்கினால் ஏன் பூஜ்யம்? குறை ஒன்றைக் குறை ஒன்றால் பெருக்கினால் ஏன் ஒன்று? ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த சங்கதி. அதை அடிப்படை விதிகளிலிருந்து நிரூபிக்க உட்கார்ந்தால் இரவு பதினொரு மணி ஆகிவிடும்.

ஒருவகைக் கணக்கு அங்கே மிகவும் பிரபலம். ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். சரியென்றால் நிரூபி, தவறென்றால் தவறு என்று காட்டு, அதில் தேறுவது ஏதும் இருந்தால் தேற்று என்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன், பிள்ளைகள் மனத்தில் போட்டுப் பாருங்கள். அடுக்கில் ஒரு பகா எண்ணை வைத்து 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பதும் பகா எண்ணா? அடுக்கு 2 என்றால் 3. அடுக்கு 3 என்றால் 7. 5 என்றால் 31. 7 என்றால் 127. நாலும் பகா எண். பள்ளியில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளை இந்த இடத்தில் 'ஆம்' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அடுக்கு 11 என்றால் 2047. அது 23ஐ 89ஆல் பெருக்கி வருவது. கூற்று உடைந்துவிட்டது. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. தேறுவது என்ன? அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். கிடைத்தது பகா எண்ணாக இருந்தால், அடுக்கும் பகா எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். அடுக்கு 6 என்றால் 63. ஆறு எப்படி இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறதோ, அதைப் பின்பற்றி 63இலும் 3, 7 என்ற காரணிகள் வந்து நிற்கின்றன. ஏன் அப்படி என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

டார்மில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் கவுன்சலர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்களில் பலர் முன்பு இதே முகாமில் படித்தவர்கள். அவர்கள்தான் தாள்களைத் திருத்துகிறார்கள். என் மகள் கொண்டுவந்த தாள் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ஏன்?' என்று மட்டும் இருந்தது. மார்க் இல்லை, சரி என்ற குறியும் இல்லை. அந்த ஒரு வரிக்கான விளக்கத்தை அவள் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள்; அடுத்தடுத்த தாள்களில் அது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மூன்று வரியில் நின்றது. பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தவளுக்கு, ஒரு கணக்கோடு நாலைந்து நாள் தோற்றபடி இருக்கலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று கற்றுக்கொடுத்தது அந்தப் பென்சில் கேள்விதான். நான் எத்தனை வருடம் வகுப்பெடுத்தாலும் அதைக் கொடுத்திருக்க முடியாது. மணி அடித்தால் அடுத்த பாடம் என்று ஓடும் பள்ளியில் அதற்கு நேரம் கிடையாது.

கணக்கு ஒன்றுதானா என்று கேட்காதீர்கள். டெல்லூரைட் சங்கம் 1954 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக் கருத்தரங்கு நடத்துகிறது. இலக்கியம், வரலாறு, சமூகம் பற்றிய படிப்பு. தங்குமிடமும் சாப்பாடும் கல்வியும் இலவசம். தங்கும் வீட்டின் நிர்வாகத்தைப் பிள்ளைகளே கூடிப் பேசி நடத்த வேண்டும். நம் வீடுகளில் கதை எழுதுகிற, விவாதம் செய்கிற பிள்ளைகளுக்கு இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வட கரோலினாவில் ஆளுநர் டெர்ரி சான்ஃபோர்டு காலத்தில், 1963இல், மாநில அரசே இப்படியொரு கோடைப் பள்ளியைத் தொடங்கியது. அங்கே தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அறிவியல் ஆராய்ச்சிக்கு 1984இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஐ. என்ற கோடை முகாம் இருக்கிறது, அதுவும் கட்டணமில்லாதது. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது என்பதாலேயே ஒரு முகாம் உயர்ந்ததாகிவிடாது. வளாகத்தை வாடகைக்கு எடுத்து, பணம் கட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் முகாம்கள் ஏராளம். பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், பகல் முழுக்க என்ன செய்ய வைக்கிறார்கள், உதவித்தொகை உண்டா என்று விசாரியுங்கள். ராஸ் முகாமுக்கு விண்ணப்பிக்கும்போதே கடினமான கணக்குகளைக் கொடுத்து, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று எழுதிக் கேட்பார்கள். அந்தக் கணக்குகளை நீங்கள் போட்டுக் கொடுத்தால் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அது. டியூஷன் மையத்தில் கொடுத்துப் போட வைத்தாலும் அதேதான். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேரும் என்பதற்காக மட்டும் அனுப்புவதானால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகட்டும். அனுப்பிய பின் தினமும் போன் போட்டு "ராங்க் என்ன?" என்று கேட்காமல் இருங்கள். அங்கே ராங்க் கிடையாது.

கடைசியாக, இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ராஸ் போன்ற முகாம்களுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. நம்மில் எல்லோரும் மென்பொருள் சம்பளக்காரர்கள் இல்லை. மளிகைக் கடையிலும் உணவகத்திலும் நின்று வேலை பார்க்கும் குடும்பங்களும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளும் இன்று காலை இதே மேடையில் குறள் சொன்னார்கள். விழா மலரின் விளம்பர வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்காவது பயணச் செலவும் உதவித்தொகை போக முகாம் கட்டணத்தில் மிஞ்சும் தொகையும் கொடுங்கள். தமிழ்ப் பள்ளி முடிந்த பின் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவையுங்கள். விடை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கிற கணக்கு வட்டம் ஒன்றை நான் நடத்துகிறேன். பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். உறுப்பினர்கள் அனைவரும் கைதூக்கி நிறைவேற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.