முதுமையும் நினைவாற்றலும்



றக்வான மலைச்சரிவுகளில் பல்லாண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்து ஏறியிறங்கிய கால்கள், ஓய்வு பெற்றதும் லயத்து இஸ்தோப்பில் முடங்கிவிடுகின்றன. நினைவு மங்கத் தொடங்கினாலோ, "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர்.

அது முற்றும் விதியன்று. பின்லாந்து நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேர் பங்குபற்றினர். ஒரு பாதியினர் ஈராண்டுகள் உடற்பயிற்சி, மனப்பயிற்சி, நல்லுணவு, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே மேற்கொண்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற மறுபாதியினரைவிட அவர்களது அறிவாற்றல் கூடுதலாக முன்னேறிற்று. 2015இல் வெளியான முடிவு இது.

இவற்றுட் பலவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, எழுத்தறிவும் கட்டாயமன்று. நாள்தோறும் தோட்டப் பாதையில் அரைமணி நேரம் நடக்கலாம். காமன் கூத்துப் பாட்டைப் பேரனுக்கு அடி பிசகாமற் கற்பிக்கலாம். பல்லாங்குழி ஆடலாம். இதுவரை கைநாட்டு வைத்தவர், பேத்தியிடம் கையெழுத்திடக் கற்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை மட்டும் இடையில் நிறுத்தலாகாது.

வந்துவிட்ட மறதி நோயைப் பயிற்சி அகற்றிவிடாது. பழகிய பாதையிலேயே வழி தவறுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

தோட்டத்து மக்களின் வரலாற்றிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. முதியோர் நெஞ்சில் இருக்கிறது. அந்நெஞ்சைக் காப்பது இளையோர் கடன்.