ஓடும் இயந்திரமும் ஓய்ந்த இயந்திரமும்

நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் ஒருவர் பழஞ்சிலை ஒன்றின் முன் நின்றால், அது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றது. சிற்பி அதனை அசைவதற்கென்று செதுக்கவில்லை. கணினியின் நிலை அவ்வாறன்று. அது ஒரு தொழிலைச் செய்வதற்கென்றே பிறந்தது. மின்சாரமின்றிக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பழைய கணினி ஓர் இரும்பு அலுமாரியே. அதைப் பார்க்கவந்த மாணாக்கன் அரை நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடுவானாயின், அவனைக் குறைகூறுவதற்கில்லை.

இங்கிலாந்தில் ஹாவெல் என்னுமிடத்திலுள்ள அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் 1951ஆம் ஆண்டு ஒரு கணினி வேலை தொடங்கிற்று. எடை இரண்டரைத் தொன். 828 டெக்கட்ரான் குழல்கள். வேகமோ மிகக் குறைவு. ஒரு பெருக்கலுக்குச் சில விநாடிகள் வேண்டும். கைக்கணிப்பொறியுடன் அமர்ந்த ஒரு கணித வல்லுநர் அரை மணிநேரம் வரை அதனோடு ஈடுகொடுத்து, பின்னர் களைத்துப் போனார் என்பர். இயந்திரம் களைக்கவில்லை, அதன் பெருமை அதுவே. 1957இல் ஹாவெல் நிலையத்துக்கு அது பயன்படாது போயிற்று. அதனைச் சிறந்த முறையில் பயன்படுத்தத்தக்க கல்லூரி எதுவென அறிய ஒரு போட்டி நடத்தப்பட்டது. வென்றது வொல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி. 1973 வரை அங்கே மாணாக்கருக்குக் கணினி கற்பித்தது அவ்வியந்திரம். ஆசிரியத் தொழிலில் அத்தனை ஆண்டு நின்ற இயந்திரத்துக்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது பேர்மிங்ஹாம் நூதனசாலையில் ஓரிடம். அது மூடப்பட்டபின் களஞ்சிய அறையின் இருள்.

2009இல் பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணினி நூதனசாலையினர் அதனைக் கொணர்ந்தனர். தொண்டர்கள் மூன்றாண்டு உழைத்து, 2012 நவம்பரில் மீண்டும் இயங்கச் செய்தனர். இன்று அதன்முன் நிற்கும் சிறுவன் காண்பது யாது? ஒவ்வொரு குழலின் தலையிலும் வட்டமாகப் பத்து இடங்கள். ஒரு செம்மஞ்சள் ஒளிப்புள்ளி அவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றது. ஒன்பதைக் கடந்து பூச்சியத்துக்கு வரும்போது பத்துக்குரிய குழலில் ஒன்று கூடுகின்றது. கீழ்வகுப்பில் சிலேற்றில் எழுதிப் பயின்ற கூட்டல் அங்கே கண்முன் நிகழ்கின்றது. இன்றைய கைபேசி இதனைக் கோடி மடங்கு விரைவாகச் செய்யும். ஆனால் செய்வதை ஒருவரும் காணமுடியாது. மந்தமே இங்கு நல்லாசான்.

ஓட்டினால் தேயுமே, மூலப்பொருள் அழியுமே என்பர் சிலர். அச்சம் நியாயமானது. பழைய கம்பியின் உறை வெடிக்கும். குழல் ஒன்று பழுதானால் மாற்றுக் கிடைப்பது அரிது. அரிய மூலப்பொருளை ஓயவிட்டு, அதன் பிரதியை ஓட்டுவதும் ஒரு வழி. கொலோசஸ் என்னும் போர்க்காலக் கணினிகளிற் பெரும்பாலானவை போர் முடிந்ததும் உடைக்கப்பட்டன. டொனி சேல் என்பார் 1993இல் அதனைப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது கையிலிருந்தவை சில நிழற்படங்களும், சுற்று வரைபடத் துண்டுகளும், முதிய பொறியியலாளரின் நினைவுமே. மூல இயந்திரத்தை ஆக்கிய டொமி பிளவர்ஸ், 1996இல் அது முதலில் இயங்கியபோது உடனிருந்தார், இரண்டாண்டில் மறைந்தார். பணி முற்றுப்பெற்றது 2007இல். நினைவுடையோர் இருக்கும்போதே தொடங்கியமையாலன்றோ அது கைகூடியது!

கலிபோர்னியாவிலும் ஐபிஎம் 1401 என்னும் கணினியை ஓய்வுபெற்ற பொறியியலாளர் பலர் கூடி இயக்கிக் காட்டுகின்றனர். துளை அட்டைகளை அது வாசித்து அச்சிடும் ஓசையே ஒரு பாடம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் இவற்றைத் தூரதேசத்துக் கதையென எண்ணவேண்டியதில்லை. 1990இல் இங்கு மின்சாரம் நின்றது. ஆண்டுகள் பல திரும்பவில்லை. மின்கலமும் கிடைத்தற்கரிதாயிற்று. அக்காலத்தில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னாலே வானொலிச் செய்தி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையே இருவாயியும் கொள்ளளவியும் பொருத்தக் கற்றுக்கொண்டவர்கள் பலர் பட்டம் பெற்றவரல்லர், அயலிலுள்ள இளைஞர்களே. அன்று இருபது வயதினர், இன்று அறுபதை எட்டுகின்றனர்.

அந்த வண்டியையும் வானொலியையும் ஒரு நூதனசாலையில் வைப்பதாயின், கயிறு கட்டி, 'தொடாதீர்' என்று எழுதிவைத்தல் ஆகாது. பக்கத்து ஊர்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்று சில்லைச் சுற்றவேண்டும். கை தளர்ந்தால் குரல் தாழவேண்டும். 'விடாதே, சுற்று' என்று மற்றைப் பிள்ளைகள் கூவவேண்டும். சுற்றை அன்று பொருத்திய பெரியவர் ஒருவர், ஒரு பழைய பற்றாசுக் கோலுடன் அருகே ஒரு வாங்கில் அமர்ந்திருப்பாராயின், வண்டியோடு அவரையும் கேள்வி கேட்கலாம்.