தொட்டுக் கற்பிக்கும் பயிற்சி

(சாவித்திரிபாய் புலே நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



சாவித்திரிபாய் புலே என்றதும் 1848இல் புனேயில் தொடங்கிய பள்ளியும், போகும் வழியில் அவர்மீது வீசப்பட்ட சாணமும் கல்லும் நம் நினைவுக்கு வருகின்றன. அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகளை இங்கே முன்வைக்கிறோம். ஒன்று, அவர் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர். அகமதுநகரிலும் புனேயிலும் மிஷனரிகள் நடத்திய ஆசிரியர் பயிற்சியில் படித்தவர். நல்ல மனம் இருந்தால் போதும், யாரும் கற்பித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டு, அவருடைய மரணம். புனேயைப் பிளேக் தாக்கியபோது நோயுற்ற மகர் சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அந்த நோய் தொற்றி 1897 மார்ச் 10இல் இறந்தார்.

பயிற்சி, தொடுதல் என்னும் இந்த இரண்டும்தான் இன்றைய உரையின் பொருள். ஊனமுள்ள மாணவர்களுக்குக் கற்பிக்க நம் ஆசிரியர்கள் எப்படித் தயாரிக்கப்படுகிறார்கள்? அந்தத் தயாரிப்பில் சாதி ஏன் பேசப்படுவதில்லை? தலித் இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதற்குப் பதில் சொல்கிறது. நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர்; மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 சதவீதம். பட்டியல் பழங்குடியினர், பிறர் என்னும் மற்ற இரு பிரிவுகளையும்விட இது கூடுதல்.

இந்தக் கூடுதல் தலைவிதியால் வந்ததல்ல. கர்ப்ப காலத்தில் சத்தான உணவு இல்லாமை, நிறைமாதத்திலும் நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போக வேண்டிய கட்டாயம், வலி வந்தபின் வண்டி கிடைக்காத குடியிருப்பு, பிறந்ததும் அழாத பிள்ளைக்கு உடனே மூச்சு கொடுக்க ஆளில்லாத பிரசவம். இவற்றில் எது நேர்ந்தாலும் மூளை முடக்குவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும். காதில் சீழ் வடிவதை "தானா சரியாயிடும்" என்று விட்டுவிட வேண்டிய வீட்டில் பிள்ளையின் கேட்கும் திறன் மெல்லக் குறைகிறது. பிறப்பால் வந்தது என்று சொல்லப்படும் ஊனங்களில் பலவற்றுக்குச் சமூகக் காரணம் உண்டு என்பதைச் சமூகவியல் படித்தவர்கள் மட்டுமல்ல, கிராமச் செவிலியரும் அறிவார்.

"படிப்பு ஏறாது"

நாங்கள் போன பள்ளிகளில் அடிக்கடி கேட்ட சொற்றொடர் இது. காலனியிலிருந்து வரும் பிள்ளையைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். கற்க முடியாமை பிள்ளையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, பள்ளி செய்ய ஒன்றுமில்லை என்பதே இதன் பொருள். இரு பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியே உட்கார வைக்கப்பட்டதை நாம் அறிவோம். இன்று சாக்கு இல்லை. கடைசி வரிசை இருக்கிறது.

இதில் இரண்டு வகையான தவறு நடக்கிறது. முதலாவது, ஊனம் இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போவது. காது மந்தமான பிள்ளை 'கவனமில்லாதவன்' ஆகிறான். கரும்பலகை தெரியாத பிள்ளை 'எழுதச் சோம்பல்படுபவள்' ஆகிறாள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளை நகரத்துத் தனியார் பள்ளியில் இருந்தால் மதிப்பீடு, சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம் என்று வழி திறக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் அதே பிள்ளைக்கு 'மக்கு' என்ற பெயர் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு அவன் சித்தாள் வேலைக்குப் போய்விடுகிறான்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. ஊனமே இல்லாத பிள்ளைக்கு ஊனத்தின் பெயரைச் சூட்டுவது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவள், பாடநூல் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே தடுமாறுகிறவள், கரும்பு வெட்டுக்குப் போன பெற்றோருடன் மூன்று மாதம் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவள். இவளைக் 'கற்றல் குறைபாடு' என்ற கட்டத்தில் அடைத்துவிட்டால் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் இந்த இரண்டையும் தவிர்க்கிறார். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்வார். பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள், யாராவது அவளுக்கு எழுத்தை முறையாகச் சொல்லித் தந்தார்களா, வீட்டு மொழியில் கேட்டால் பதில் சொல்கிறாளா என்று பார்ப்பார். அதன் பிறகே குறைபாடு பற்றி யோசிப்பார். இந்த வரிசை தெரிவதே பயிற்சி. இரக்கம் மட்டும் இருந்தால் இது தெரியாது.

சட்டம் சொல்வது

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவை இங்குள்ள ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போதிய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை அமைக்க வேண்டும். சைகை மொழியிலும் பிரெயிலிலும் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும். ஊனமுள்ள ஆசிரியர்களும் அதில் இடம்பெற வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும் என்று அது அரசுக்குக் கடமை விதிக்கிறது.

2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டது. தொடக்க வகுப்புகளில் ஊனமுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். பொதுப் பள்ளியின் மற்ற ஆசிரியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் இதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. மறுபடியும் சொல்ல நேர்ந்ததே நிலைமையைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை செய்துவருகிறார்கள். ஒருவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறவரால் பிள்ளையின் கல்வி நடக்காது. மீதி நாட்களில் அவளோடு இருப்பவர் வகுப்பாசிரியர்தான். அவருக்கு என்ன பயிற்சி தரப்படுகிறது?

ஒருநாள் பயிற்சி

குறுவள மையத்தில் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. திரையில் 21 வகை ஊனங்களின் பட்டியல். கருத்தாளர் படிக்கப் படிக்க ஆசிரியர்கள் குறிப்பெடுக்கிறார்கள். மதியத்துக்குப் பிறகு ஒரு காணொளி, இரண்டு கைதட்டல், எமிஸ் தளத்தில் பதிவேற்ற ஒரு குழுப்படம். பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் இருக்கிறது. அதைத் தேர்வுக்குப் படித்து முடித்த பலர் ஊனமுள்ள பிள்ளையோடு ஒரு வாரம்கூட வகுப்பில் இருந்ததில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எங்கள் நோக்கமல்ல. பல ஆசிரியர்கள் எங்களிடம் கேட்டவை மிக நேரடியான கேள்விகள். வலிப்பு வந்தால் என்ன செய்வது? கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் குறித்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்துவிடலாம். காது கேளாத பிள்ளை இருக்கும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் படவேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்காகப் பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவை செலவில்லாதவை. வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இவற்றால் நன்மையே. இருந்தும் பயிற்சிக் கட்டகத்தில் பட்டியலுக்குத் தரும் இடம் இவற்றுக்கு இல்லை.

தொடுதல்

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறோம். ஊனமுள்ள பிள்ளைகளில் பலருக்குத் தொடாமல் கற்பிக்க முடியாது. விரலைப் பிடித்துப் பிரெயில் புள்ளிகளில் வைக்க வேண்டும். கைமேல் கைவைத்து எழுதப் பழக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியில் பிள்ளையின் கையை எடுத்து ஆசிரியர் தம் தொண்டையில் வைத்து அதிர்வை உணரச் செய்வார். வடியும் எச்சிலைத் துடைக்க வேண்டும். சோறு ஊட்ட வேண்டும். கழிப்பறைக்குத் தூக்கிப்போக வேண்டும்.

தண்ணீர்க் குடத்தையும் சத்துணவுத் தட்டையும் சாதி பார்த்துப் பிரிக்கத் தெரிந்த சமூகத்தில் இந்தத் தொடுதல் எப்படி நடக்கிறது? சத்துணவைத் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாம் என்று தடுத்த ஊர்கள் உள்ள மாநிலம் இது. அங்கே சேரிப் பிள்ளையின் எச்சிலைத் துடைக்க எல்லாக் கைகளும் இயல்பாக நீளும் என்று எண்ணிக்கொண்டு பயிற்சிக் கட்டகம் எழுதுவது நேர்மையாகாது. யாரும் வெளிப்படையாக 'தொட மாட்டேன்' என்று சொல்வதில்லை. "அம்மாவை வந்து கூட உட்காரச் சொல்லுங்க" என்கிறார்கள். அந்த அம்மா அன்றைய கூலியை இழந்து வகுப்பு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வராத நாளில் பிள்ளையும் வருவதில்லை. சில இடங்களில் கழிப்பறை வேலை துப்புரவுப் பணியாளர் தலையில் விழுகிறது. அவரும் நம் தெருவிலிருந்து வந்தவர். பராமரிப்புக்கான பயிற்சியும் ஊதியமும் இல்லாமல், அது அவர் பிறப்போடு ஒட்டிய வேலை என்பதுபோல் அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

ஆதிக்க சாதியில் பிறந்த ஊனமுள்ள பிள்ளைக்கும் புறக்கணிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைத் தொடத் தயங்கும் கை அருவருப்பால் தயங்குகிறது. நம் பிள்ளையிடம் அருவருப்போடு தீட்டும் சேர்ந்துகொள்கிறது. முதலாவதைப் பழக்கத்தால் போக்கலாம். இரண்டாவதைச் சாதியைப் பெயர் சொல்லிப் பேசாமல் போக்க முடியாது.

தொடுதலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊனமுள்ள பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு எளிதில் ஆளாக்கப்படுகிறார்கள். பேச முடியாத பிள்ளையால் சொல்லவும் முடிவதில்லை. ஆகவே தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவது, பிள்ளையின் சம்மதத்தை முகத்திலும் உடம்பிலும் படிப்பது, தனியிடத்தில் உதவும்போது பின்பற்ற வேண்டிய முறை, 2012இன் போக்சோ சட்டப்படி யாரிடம் புகார் தருவது ஆகிய அனைத்தும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். தொடாமல் ஒதுக்குவதும் கேட்காமல் தொடுவதும் பிள்ளையை மனிதராகக் கருதாததன் இரு வடிவங்கள்.

எத்தகைய பயிற்சி வேண்டும்

எங்கள் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம்.

1. பயிற்சி பள்ளிக்குள்ளேயே நடக்க வேண்டும். சிறப்பாசிரியர் சில வாரங்கள் வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்தட்டும். குறிப்பிட்ட பிள்ளையை முன்வைத்து இருவரும் திட்டமிட்டு, பருவந்தோறும் பார்த்துத் திருத்தட்டும். முத்துக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் போன்ற இடங்களின் அறிவு மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் வழியே கடைசிப் பள்ளி வரை வரவேண்டும்.

2. கருத்தாளர்களில் ஊனமுற்றோர் இருக்க வேண்டும். சைகை மொழியைக் காது கேளாதவரும் பிரெயிலைப் பார்வையற்றவரும் கற்பிக்கட்டும். நம்மைப் பற்றி நாமே பேச வேண்டும் என்று தலித் இலக்கியம் வைத்த கோரிக்கை இங்கும் பொருந்தும்.

3. தாய்மார்களின் அறிவு பயிற்சியில் சேர வேண்டும். எந்த ஒலிக்குப் பிள்ளை மிரள்வாள், பசித்தால் எந்த விரலை அசைப்பாள் என்பதைப் பத்து ஆண்டுகள் கவனித்து வைத்திருப்பவர் அவர். அவரை வாசலில் உட்கார வைக்காமல் பயிற்சி மேசைக்கு அழைத்து, அந்நாளுக்கு மதிப்பூதியம் தர வேண்டும்.

4. ஒவ்வொரு கட்டகத்திலும் சாதி பற்றிய ஓர் அலகு இருக்க வேண்டும். இருக்கை, தண்ணீர், உணவு, கழிப்பறை, தொடுதல் ஆகிய ஐந்தையும் தத்தம் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று ஆசிரியர்களே ஆராய்ந்து எழுதட்டும்.

5. பராமரிப்பு உதவியாளர் என்ற பணியிடம் வேண்டும். பயிற்சியோடும் ஊதியத்தோடும் அமையும் அந்த வேலைக்கு எல்லாச் சாதியினரும் வரவேண்டும். சிறப்பாசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் வேண்டும். தன் வேலையே அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாதவர் இன்னொருவரைப் பயிற்றுவிப்பது கடினம்.

இவற்றைக் கேட்பது யார்? ஊனமுற்றோர் இயக்கங்கள் சாதியைப் பேசத் தயங்குகின்றன. நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊனம் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் நம் தோழர்கள் உட்கார்ந்து இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். 17ஆம் பிரிவின் கீழ் நம் வட்டாரத்தில் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள், எத்தனை நாள், யார் பயிற்றுவித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்க வேண்டும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மனுவாவது போகட்டும். மாதிரி மனு அரங்க வாயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதித்தரத் தோழர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.