வந்து மறையும் மின்கோளாறு

(சிலிபின் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் நமக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. கத்தியையும் வாளியையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், நோயுற்றவரை ஈப்போவுக்குக் கொண்டு செல்வதும் அந்த வண்டியால்தான் நடைபெறுகின்றன. நம்மிடம் உள்ளவற்றுள் பல பழைய வண்டிகள். 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் முதல் வகைக் கார்களுக்கு இன்று நாற்பது வயது கடந்துவிட்டது. அவற்றைவிட மூத்த கப்சாய் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய வண்டிகளில் நம்மை மிகவும் அலைக்கழிப்பது வந்து மறையும் மின்கோளாறு ஆகும். இரவில் அணைந்த விளக்கு காலையில் எரிகிறது. வழியில் நின்ற எஞ்சின், பட்டறைக்குத் தள்ளிச் சென்றதும் ஒரே உதையில் இயங்குகிறது. காரணம் புலப்படாமல் இன்று பேட்டரி, நாளை காயில், மறுநாள் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். கூலிப்பணம் கரைகிறது, கோளாறோ அப்படியே இருக்கிறது. விளக்கில்லாத செம்மண் பாதையில், வளைவில் திரும்பும்போது முன்விளக்கு அணைந்துபோனால் விளைவு என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 1992 செப்டம்பர் முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது விதி. ஆகவே இது பணத்தை மட்டுமன்றி, உயிரையும் சட்டத்தையும் தொட்ட செய்தியாகும்.

கோளாறு ஏன் மறைகிறது?

மின்சாரம் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ், சுவிட்ச், விளக்கு ஆகியவற்றின் வழியே சென்று, வண்டியின் இரும்புச் சட்டத்தின் மூலமாக மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வரும் இவ்வழியையே ‘எர்த்’ என்கிறோம். போகும் வழியைப் பலரும் பார்க்கின்றனர்; திரும்பும் வழியைப் பார்ப்போர் சிலரே. பழைய வண்டிகளில் துருவும் வண்ணப்பூச்சும் அழுக்கும் அடைத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுவே.

முற்றிலும் அறுந்த வயர் எப்போதும் அறுந்தே இருக்கும். அதை எளிதில் கண்டுபிடிக்கலாம். பாதி அறுந்த வயரும், தளர்ந்த இணைப்பும், பச்சை பூத்த முனையும் அவ்வாறல்ல. அதிர்ச்சியில் விலகும், அதிர்ச்சியிலேயே சேரும். வெப்பத்தில் விரியும், ஆறியபின் பொருந்தும். மழையில் நனைந்து கெடும், வெயிலில் உலர்ந்து சரியாகும்.

நம் தொழிலுக்கே உரிய காரணமும் ஒன்றுண்டு. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் உலோகத்துக்குப் பகை. முன்னாளில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டபோது வெடித்துப் பிளந்தன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. ஆகவே பால் வாளியும் அமிலக் கலனும் சுமக்கும் வண்டியைப் பணி முடிந்ததும் நீர்விட்டுக் கழுவித் துடைத்து வைப்பது நன்று.

கண்டறியும் முறை

முதலாவது, கையில் ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். கோளாறு எப்போது வந்தது? மழையிலா, வெயிலிலா? குழியில் விழுந்தபோதா, கைப்பிடியைத் திருப்பியபோதா? எஞ்சின் சூடான பிறகா? அப்போது வேறு எவை அணைந்தன? இவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். ஐந்தாறு முறை எழுதியபின் காரணம் தானே முகம் காட்டத் தொடங்கும்.

பல உறுப்புகள் ஒருசேர அணைந்தால், அவை பங்கிட்டுக்கொள்ளும் பியூஸ், சுவிட்ச், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் அணைந்தால் அதன் தனி வயரைப் பாருங்கள். சைகை விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? பின்புற எர்த் கெட்டிருக்கலாம். தன் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த விளக்கின் வழியே திரும்ப முயல்கிறது.

இரண்டாவது, பேட்டரியைச் சோதியுங்கள். நன்கு மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் மின்னேற்றம் முறையாக நடைபெறுகிறது எனலாம். முனைகளில் வெண்பொடியோ பச்சைப்பொடியோ இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுங்கள். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படும். அருகே தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது.

மூன்றாவது, அசைத்துப் பார்த்தல். விளக்கை எரியவிட்டு, வயர்களை ஒவ்வோரிடமாக மெல்ல அசையுங்கள். கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். கைப்பிடியின் கழுத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கிய வயர், மேலுறை நன்றாயிருக்க, உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும். மழையில் மட்டும் வரும் கோளாறாயின், தெளிப்புக் குப்பியால் ஒவ்வோர் இணைப்பாக நீர் தெளித்துப் பாருங்கள். எஞ்சின் ஓடுகையில் பிளக் வயரைக் கையால் தொடாதீர்கள்; அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு.

நான்காவது, மீட்டர் சோதனை. விளக்கு அணைந்திருக்கும்போது வயரில் 12 வோல்ட் காட்டினால் எல்லாம் சரி என்று எண்ணிவிடலாகாது. ஒரே ஓர் இழை எஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். விளக்கை ஒளிர வைக்க அது போதாது. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். ஏறத்தாழ சுழியம் காட்டினால் நன்று. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் அடைப்பு உள்ளது. அந்த இடத்தைப் பளிச்சென உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, சிறிது கிரீஸ் பூசுங்கள்.

ஒன்றை நினைவிற் கொள்க. பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் முன்விளக்கு பேட்டரியை நம்பியதன்று. எஞ்சின் ஓடும்போது உண்டாகும் மாறுமின்சாரத்தை நேரே பெறுவது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்விளக்கு மங்குவது இயல்பே, கோளாறன்று. அதைச் சோதிக்க மீட்டரையும் மாறுமின்சார அளவுக்குத் திருப்ப வேண்டும்.

எஞ்சின் சூடானபின் நின்று, ஆறியதும் இயங்கினால், நின்ற அப்பொழுதே பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பட்டறைக்காரரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். தீப்பொறி இல்லையேல் காயிலின் மீது ஐயங்கொள்ளலாம். ஆறியபின் பார்த்தால் குற்றவாளி நல்லவன்போல் நிற்பான்.

செய்யத்தகாதது

பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ கம்பியையோ சுற்றி ஓட்டுவோர் உளர். இது பேராபத்து. பியூஸ் தன்னை எரித்துக்கொண்டு வண்டியைக் காக்கும் காவலாளி. காவலாளியை அகற்றினால் எரியப்போவது வயர். அதன் அருகே இருப்பது பெட்ரோல். எரிந்த பியூசுக்குப் பதில் அதே ஆம்பியர் அளவுள்ள பியூசையே போட வேண்டும். மீண்டும் எரிந்தால், உரை தேய்ந்த வயர் எங்கோ சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அறுந்த வயரை வெறுமனே முறுக்கி நாடா ஒட்டுவதும் நிலைக்காது. பளபளப்பான செம்பு தெரியுமளவு வெட்டி, ஈயம் பற்றவைத்து, உறையிட்டு மூடுவதே முறை.

நண்பர்களே, இவை யாவும் செய்தும் கோளாறு பிடிபடாவிட்டால் பட்டறைக்குச் செல்வதில் தாழ்வில்லை. ஆனால் வெறுங்கையுடன் செல்லாதீர்கள். குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். “சில வேளைகளில் நின்றுவிடுகிறது” என்று சொன்னால் அவர் எங்கே தேடுவார்? “கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் மட்டும் விளக்கு அணைகிறது” என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதற்காக மாற்றப்பட்டது என்றும் கேளுங்கள். பணம் கொடுக்கும் நமக்கு அதை அறியும் உரிமை உண்டு.

மாதம் ஒருமுறை, ஓய்வு நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, பேட்டரி முனைகளையும் எர்த் இணைப்புகளையும் விளக்குகளையும் பாருங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் காட்டுங்கள். கண்ட பின் மாற்றுவதே சிக்கனம். மாற்றிய பின் காண முயல்வது வீண்செலவு. நம் வீட்டார் இருளில் புறப்பட்டு நலமே திரும்புவதற்கு இந்த அரைமணி நேரம் துணைநிற்கும்.