நோயாளியைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புற்றுநோய்க்கான வைத்தியத்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். அந்த நோய் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம் என்பதை மட்டும் நான் பேசுகிறேன்.

"எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் இரவெல்லாம் கண்விழித்த மனைவிக்கோ மகனுக்கோ, யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. கூச்சம் வேறு. "வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நான் காரில் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் "சரி" என்றால் போதும்.

கீமோ பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். அடுத்த சில நாள் வாந்தி, அசதி. தாளிக்கும் வாசனைகூட நோயாளிக்கு ஆகாது. அந்த நாட்களில் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சளி, இருமல் உள்ளவர்கள் நேரில் போகாமல் போனில் பேசுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் அலைய வேண்டியிருக்கும்.

புற்றுநோய் தொற்று நோய் அல்ல. வெளியிலிருந்து மெஷின் மூலம் கதிர்வீச்சு பெற்றவர் உடம்பில் அது தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். லிஃப்டில் அவரைக் கண்டு ஒதுங்கி நின்றால் அது அவர் மனதில் தைக்கும்.

"எந்த ஸ்டேஜ்?" என்று கேட்க வேண்டாம். நம் சொந்தக்காரர் இறந்த கதை வேண்டாம். "தைரியமா இருங்க" என்பதைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர்கள் பயத்தை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அழ நினைத்தால் அழட்டும், கூட உட்கார்ந்திருங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் பிரஷர், சர்க்கரை இருக்கும். தன் மாத்திரையை மறப்பார், தன் செக்கப்பைத் தள்ளிப்போடுவார். வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் நாம் இருந்தால் அவர் கொஞ்சம் தூங்கவாவது செய்வார். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அடையாறு புற்றுநோய் மையத்தில் இதற்கென்றே உளவியல் துறை இருக்கிறது. ஆலோசனை நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும்தான்.

நான் வேலை பார்த்த துறையிலிருந்து ஒன்று. கையெழுத்துப் போட முடியாத நிலையில் உள்ளவர் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. சாட்சிகள் இருவர் வேண்டும்; ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் கவுண்டருக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மேனேஜரைப் பார்த்துப் பேசுங்கள்.

சங்கத்துக்கு என் யோசனை: இரவில் கார் எடுக்கக்கூடியவர்கள், சமைத்துக் கொடுப்பவர்கள், கூட இருக்க முடிந்தவர்கள் என்று மூன்று பட்டியல் செயலாளரிடம் இருக்கட்டும். எந்த வீட்டுக்கு உதவி என்பது, அவர்கள் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப் குரூப்பில் வரக் கூடாது. முதல் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.