கேடயம் என்னும் சொல்

பள்ளி ஆண்டு விழாவில் மாணவன் பெறுவது கேடயம். கபடியில் வென்ற அணி ஊர்வலமாய்த் தூக்கி வருவதும் கேடயமே. "சட்டத்தைக் கேடயமாக்கிக் கொண்டார்" என்று நாளேடு எழுதினால் அது அணி. இவ்வாறு பரிசாகவும் அணியாகவும் பழகித் தேய்ந்த ஒரு சொல், போர்ச் செய்தியில் புகுந்தபோது என்ன ஆயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

பழந்தமிழில் அக்கருவிக்குத் தோல் என்றும் பெயர். தோலால் ஆனது தோல், எளிய ஆகுபெயர். தொல்காப்பியர் உழிஞைத் துறைகளுள் தோலின் பெருக்கத்தைக் கூறுவார். செய்யுளியலில் எண்வகை வனப்பினுள் ஒன்றுக்கும் தோல் என்றே பெயர். கவிஞர் நிறைந்த அவை இந்த இரண்டாவது தோலைப் பற்றிக் கேட்கவே விரும்பும். அது வேறொரு நாளைக்கு ஆகட்டும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோலுக்குப் பொருள் அறிய அகராதி வேண்டுவதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நாளிலும் சரி, குரோமியம் வந்த பிறகும் சரி, முள் கீறிய கோடும் உண்ணி கடித்த தழும்பும் சூட்டுக்குறியும் தோலை விட்டுப் போவதில்லை. தரம் பிரிப்பவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்த மாடு பட்டதெல்லாம் தெரிந்துவிடும். முதல் உலகப்போரில் சென்னை மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் படையினரின் காலணியாயிற்று. போருக்கும் இவ்வட்டாரத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

1990-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றி, அயல்நாட்டாரைப் பிடித்து முக்கிய நிலைகளில் வைத்தபோது, 'மனிதக் கேடயம்' என்பதன் ஆங்கில மூலம் உலகச் செய்திகளில் நிறைந்தது. தமிழ்த் தொடர் அதன் நேர் மொழிபெயர்ப்பு. 2009-இல் வன்னிப் போரின் இறுதி மாதங்களில் அது நாள்தோறும் காதில் விழுந்த தொடராயிற்று.

இலக்கணம் கற்றோர் இத்தொடரைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 'மதிமுகம்' உவமை, முகம் எஞ்சி நிற்கிறது. 'முகமதி' உருவகம், முகம் மதிக்குள் மறைகிறது. 'மனிதக் கேடயம்' இரண்டாம் வகை. மனிதர் மறைந்து கேடயம் எஞ்சுகிறது. கேடயமோ அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதன்மேல் அடி விழுந்தால் எவரும் வியப்பதில்லை. பிடித்தவன் யார் என்று மட்டுமே கேட்பர். அடித்தவனைப் பற்றிய கேள்வியை இச்சொல் எழவே விடுவதில்லை.

ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை இங்கே சொல்லை எண்ணிப் பயன்படுத்தியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றோரைச் சுட்டதையும், அரசுப்படை தானே அறிவித்த போர் தவிர்ப்பு வலயங்களிலும் மருத்துவமனைகளிலும் எறிகணை வீசியதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக அது பதிவு செய்தது. ஆயினும் மக்களைத் தடுத்துவைத்த செயல் சட்டப்படி 'மனிதக் கேடயம்' ஆகாது என்றது. இராணுவ இலக்குகளைக் காக்க மக்களை அவற்றை நோக்கி வேண்டுமென்றே நகர்த்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது காரணம். பிணையாளர் என்ற சொல்லை அது ஆண்டது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டு முதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவும், பொதுமக்களைக் கேடயமாக்குவதைத் தடை செய்த கையோடு, ஒரு தரப்பு அத்தடையை மீறினாலும் மறுதரப்பின் கடமை நீங்காது என்கிறது. சட்டம் இரு தரப்பையும் பார்க்கிறது. தலைப்புச் செய்தி ஒன்றையே பார்த்தது.

"வெளியேற விடாமல் தடுக்கப்பட்ட மக்கள்மீது எறிகணை வீசப்பட்டது." இவ்வாக்கியத்தில் வினை இரண்டு, தடுத்தவர் யார், வீசியவர் யார் என்று இரண்டு எழுவாய்களைப் படிப்பவர் தேடியே ஆகவேண்டும். இத்தனை நீளத்துக்குத் தலைப்பில் இடம் ஏது என்று செய்தி ஆசிரியர் கேட்பார். இடம் இல்லைதான்.