அலமாரி மேலே ஒரு கீபோர்டு

(தலைப்பு: கலைஞனை உருவாக்குவது பிறவித் திறமையா, வீட்டார் துணையா? ‘வீட்டார் துணையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பிறவித் திறமைசாலிகளே, இட்லி மாவைக்கூடக் கரைக்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

நான் பொம்மையார்பாளையத்துக்காரி. பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிற ஊர். எங்க ஊர் உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே துருப்பிடிச்சுப் போகும். எனக்கு முன்னால் பேசின எதிரணி நண்பர் பியானோவைப் பத்திப் பேசினார். பியானோவுக்குள்ள 200-க்கும் மேல கம்பி இருக்கு. எங்க ஊருக்கு அது தாங்குமா? (சிரிப்பு)

அவர் என்ன சொன்னார்? “சென்னைப் பிள்ளை லிடியன் நாதஸ்வரத்தைப் பாருங்கள். 2019-ல் அமெரிக்காவில் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற டி.வி. போட்டியில், 13 வயதில் பியானோ வாசித்து 10 லட்சம் டாலர் முதல் பரிசு வாங்கினார். இது பிறவித் திறமை இல்லாமல் வேறென்ன?” என்று முழங்கிவிட்டுப் போனார்.

திறமை இல்லைன்னு யாருங்க சொன்னா? ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்கிற ரஷ்யர், வண்டு பறக்கிற மாதிரியே ஒரு இசை எழுதியிருக்கார். அதை லிடியன் முதல்ல நிமிஷத்துக்கு 208 தாளத் தட்டு வேகத்துல வாசிச்சார். அடுத்து 325! வண்டு பறந்த மாதிரி இல்லீங்க, குளவிக் கூட்டைக் கலைச்சுவிட்ட மாதிரி இருந்துது. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளை 2 வயசுல டிரம்ஸ் தட்ட ஆரம்பிச்சுதாம். 2 வயசுக் குழந்தை தானா கடைக்குப் போய் டிரம்ஸ் வாங்கிட்டு வந்துதா? (சிரிப்பு, கைதட்டல்) அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினியும் இசைதான். பேர் வைக்கும்போதே என்ன பேர் வச்சாங்க? லிடியன் என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுர வரிசை. நம்ம கல்யாணி ராகத்துக்கும் அதே சுரங்கள்தான். நாதஸ்வரமோ நம்ம கோயில் வாத்தியம். பிறகு ஏ.ஆர்.ரகுமான் தொடங்கின கே.எம். இசைக் கல்லூரியில் முறையான பியானோ பயிற்சி. 2024-ல் மோகன்லால் இயக்கின ‘பரோஸ்’ படத்துக்கு அந்தப் பிள்ளைதான் இசை. பின்னால் ஒரு வீடே நின்னுதுங்க!

இன்னொரு வீட்டைக் காட்டுகிறேன். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரம். மொஸார்ட் பிறந்தது 1756-ல். அவருக்கு நாலரை வயசு மூத்த அக்கா ஒருத்தி, பேர் நானர்ல். அப்பா லியோபோல்ட் ரெண்டு பேருக்குமே சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பா முழுக்கக் கூட்டிப்போனார். அரசர்கள் முன்னால ரெண்டு குழந்தைகளும் வாசிச்சாங்க, கைதட்டல் வாங்கினாங்க. 1769-ல் இத்தாலிக்குப் புறப்பட்டபோது தம்பியை மட்டும் கூட்டிப்போனார் அப்பா. 18 வயசு அக்கா அம்மாவோட வீட்டில் நின்னுட்டா. தம்பி பேர் உலகத்துக்கே தெரியும். அக்கா பேரை இந்த அரங்கத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? ஒரே வீடு, ஒரே குரு. கதவு மட்டும் ஒருத்தருக்குத் திறந்துது, ஒருத்தருக்கு மூடிச்சு. (கைதட்டல்)

நடுவர் ஐயா, இதைப் புத்தகத்தில் படிச்சதுக்காகச் சொல்லலை. என் வீட்டிலும் ஒரு நானர்ல் இருக்கா. என் மகள். டி.வி. தொடரின் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே கீபோர்டில் வாசிப்பா. பத்தாம் வகுப்பு வந்துது. கீபோர்டைப் பழைய புடவையில் சுத்தி அலமாரி மேல வச்சேன். “பரீட்சை முடியட்டும், எடுத்துத் தரேன்”னேன். பரீட்சை முடிஞ்சுது. நல்ல மார்க்கும் வாங்கினா. சொன்ன சொல் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். “வேணாம்மா, விரல் மறந்துபோச்சு”ன்னா.

அவ திறமையை யாரும் திருடலீங்க. நான்தான் சுத்தி மேல வச்சேன்.

இப்ப அவ காலேஜ் படிக்கிறா. போன மாசம் நானே கீபோர்டை இறக்கித் துடைச்சு முன்னறையில் வச்சேன். ஒரு வார்த்தை பேசலை. முந்தாநாள் ராத்திரி ஒரு விரல் சத்தம் கேட்டுது. அப்புறம் இன்னொண்ணு. சமையல்கட்டிலிருந்து நான் எட்டிக்கூடப் பார்க்கலை. பார்த்தா நிறுத்திடுவாளோன்னு பயம்.

தாய்மார்களே, படிப்பு வேணும்தான். ஆனா உங்க வீட்டு அலமாரி மேல என்ன இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை பாருங்க. கலைஞனை உருவாக்குவது வீட்டார் துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)